மாத்திரையா, ஜெல் ஊசியா?

இன்னொருவரிடமிருந்து எடுத்துப் பொருத்திய கையை உடல் அந்நியமாகவே பார்க்கும். அதிலும் தோல்மீதுதான் அதற்குக் கோபம் அதிகம். உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி அதைத் தணிக்கத் தரப்படும் முக்கிய மருந்து டாக்ரோலிமஸ் மாத்திரை, ஆயுள் முழுக்க. ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போவதால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், சர்க்கரை ஏறலாம், தொற்று எளிதில் பற்றலாம். உயிரைக் காக்கும் இதய மாற்றுக்கு இந்த விலை சரி. கைக்கு? 1998இல் பிரான்சின் லியோனில் கை பொருத்தப்பட்டவர் மருந்தை நிறுத்திவிட்டார்; 2001இல் அந்தக் கையை அகற்ற வேண்டியதாயிற்று.

ஜெல் ஊசியில் மருந்து அதேதான், போகும் வழிதான் வேறு. டாக்ரோலிமஸை ஹைட்ரோஜெல்லில் (நீர் நிறைந்த ஜெல்) பொதித்து, பொருத்திய உறுப்பிலேயே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். அழற்சி கிளம்பினால் அங்கே பெருகும் நொதிகள் ஜெல்லைச் சிதைக்கும், மருந்து வெளிவரும். அழற்சி அடங்கினால் கசிவும் குறையும். இந்தத் தந்திரம்தான் என்னைக் கவர்ந்தது. 2014இல் வெளியான எலி ஆய்வில், ஒரே ஊசியில், பொருத்திய பின்னங்கால் 100 நாட்களுக்கு மேல் தாங்கியது.

எலிக்கால் சின்னது என்பதை மறக்கக் கூடாது. மனிதக் கைக்கு எத்தனை இடத்தில் குத்துவது? மாத்திரையில் ஒரு வசதி: ரத்தப் பரிசோதனையைப் பார்த்து நாளையே அளவைக் குறைக்கலாம். உள்ளே போன ஜெல்லைத் திரும்ப எடுப்பது அவ்வளவு சுலபமில்லை.