துப்பாக்கிக்குக் கேபிள் பூட்டு: எதுவரை காக்கும்?
அமெரிக்காவில் 'புராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டம் காவல் துறைகள் வழியாக இலவசமாகக் கொடுக்கும் பூட்டு இது. பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிவடம், ஒரு சாவி, அவ்வளவுதான்.

கைத்துப்பாக்கியில் தோட்டாக்கள் அடுக்கிய கூடான மேகசினைக் கழற்றுங்கள். மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, தோட்டா அமரும் அறையான சேம்பர் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். வெற்றுத்தோட்டா வெளியேறும் துளையில் வடத்தை நுழைத்து, மேகசின் குழி வழியே எடுத்துப் பூட்டவேண்டும். டிரிகர் வளையத்தில் மட்டும் சுற்றுவது வெறும் அலங்காரம். தோட்டா ஏறுவதை அது தடுக்காது. சாவியை அதே இழுப்பறையில் போடாதீர்கள்.

குழந்தை கைக்குத் தடை, சரி. கட்டர் வைத்திருக்கும் திருடனுக்கு இல்லை. ஆபத்து நேரத்தில் திறக்க நேரமாகும் என்ற வாதமும் பொய்யல்ல: வாஷிங்டன் நகரின் கட்டாயப் பூட்டு விதி, வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தவே முடியாமல் செய்கிறது என்றுதான் 2008-இல் ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. அந்தக் கவலை உள்ளவர்கள் சுவரிலோ தரையிலோ போல்ட் போட்ட, எண் அழுத்தித் திறக்கும் சிறு பெட்டகம் வாங்கலாம்.