காலாவதியான வரிகளை நீக்கிய பிறகு: நெட்வொர்க் டிரைவர் கையேட்டுடன் சில மழைக்காலங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கணினிகளைக் கவனிப்பது என் வேலை. எல்லாம் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகின்றன. நெட்வொர்க் அட்டைகளின் டிரைவர் (அட்டையை இயக்கும் மென்பொருள்) குறிப்புகளை அச்சிட்டு எடை மேடை அறையில் வைத்திருக்கிறோம். அச்சில் இருந்தே ஆகவேண்டும். அட்டை படுத்துவிட்டால் இணையத்தில் தேட வழியில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து ஆளும் மேலே வர முடியாது. பச்சை இலை வந்து இறங்கிவிட்டால் எடை பதிவாக வேண்டும். பறித்த இலை காத்திருக்காது. அந்த நேரத்தில் பணியில் இருப்பவர் கையேட்டின் ஒவ்வொரு வரியையும் நம்பித்தான் தட்டச்சு செய்கிறார்.

முன்பு அந்தக் கையேடு வெவ்வேறு காலத்துத் தாள்களின் தொகுப்பாக இருந்தது. உடன் பணியாற்றும் நண்பரும் நானும் அதை வரிவரியாகச் சோதித்து, செத்துப்போன வழிமுறைகளை நீக்கினோம். இப்போது அது பாதியாக இளைத்திருக்கிறது. பல மழைக்காலங்கள் அதை வைத்து வேலை பார்த்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

நீக்கியவற்றில் எனக்கு மிகுந்த நிம்மதி தந்தது வேகத்தைக் கட்டாயப்படுத்தும் பத்தி. இன்டெல் அட்டைகளுக்கான ஈ1000 டிரைவரை ஏற்றும்போது ஸ்பீடு 100, டூப்ளெக்ஸ் 2 என்று கொடுக்கச் சொல்லியிருந்தது. அதாவது நொடிக்கு 100 மெகாபிட், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு முனைகளும் அனுப்பும் முறை). கணினிகளை இணைக்கும் பழைய சுவிட்சுகள் சில, வேகத்தை அட்டையோடு சரியாகப் பேசி முடிக்காத காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இன்றைய சுவிட்ச் தானாகவே வேகத்தைப் பேசித் தீர்மானிக்கப் பார்க்கும். வேகம் கட்டாயப்படுத்தப்பட்ட அட்டை பேச மறுத்தால், வேகம் 100 என்பதைச் சுவிட்ச் மின்குறிப்பிலிருந்து ஊகித்துவிடும். டூப்ளெக்ஸை ஊகிக்க முடியாது. ஆகவே விதிப்படி ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு முனை மட்டும் அனுப்பும் முறை) நின்றுவிடும். ஒரு முனை கேட்காமலே அனுப்பிக்கொண்டிருக்க, மறுமுனை அதை மோதல் என்று எண்ணித் தன் தரவுப் பொட்டலங்களைக் கைவிடும். இதில் கொடுமை என்னவென்றால், பிங் என்ற தொடர்புச் சோதனை ஒழுங்காகப் போகும். விளக்கும் எரியும். கொள்முதல் பட்டியல் போன்ற பெரிய கோப்பை அனுப்பும்போதுதான் எல்லாம் ஊர்ந்துபோகும். செம்புக் கம்பியில் கிகாபிட் வேகம் வேண்டுமென்றால் இரு முனைகளும் பேசியே ஆகவேண்டும் என்பது 1999இல் வந்த தரநிர்ணயத்திலேயே இருக்கிறது. அந்தப் பத்தி போன இடத்தில் இப்போது ஒரே வரி: ஈத்டூல் (அட்டையின் அமைப்புகளை மாற்றும் கட்டளை) மூலம் தானியங்கிப் பேச்சை இயக்கு, பிறகு இரு முனைகளிலும் முடிவைப் பார்.

அடுத்தது, டிரைவர்களுக்கான அமைப்புகளை எழுதிவைக்கும் மாட்யூல்ஸ்.கான்ஃப் கோப்பு. 2003 டிசம்பரில் 2.6 கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்தபோதே அதன் காலம் முடிந்துவிட்டது, இன்று மாட்ப்ரோப்.டி அடைவுக்குள், .கான்ஃப் என்று முடியும் கோப்புகள்தான் படிக்கப்படுகின்றன. பழைய கோப்பில் எதை எழுதினாலும் பிழைச் செய்தி வராது, பலனும் வராது. ஆர்எக்ஸ் டிஸ்கிரிப்டர்ஸ் (வரும் பொட்டலங்களுக்கு ஒதுக்கும் வளையத்தின் அளவு) கதையும் அப்படித்தான். ஈ1000இல் அந்த அளவுரு உண்டு, இயல்பு மதிப்பு 256. பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளுக்கான ஈ1000ஈ டிரைவரில் அது கிடையாது. முன்பெல்லாம் தெரியாத அளவுருவைக் கொடுத்தால் டிரைவர் ஏறவே மறுக்கும். தவறு உடனே கண்ணில் படும். 2013இல் வந்த 3.11 கெர்னலிலிருந்து, பதிவேட்டில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு அதைப் புறக்கணித்துவிடுகிறது. அந்தப் பதிவேட்டை யார் திறந்து பார்க்கிறார்கள்? இப்போது ஈத்டூல் வழியாகவே வளைய அளவை மாற்றுகிறோம். மறுதொடக்கத்தில் அது அழிந்துவிடும் என்பதை அதே வரியில் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறோம்.

ஐஎஃப்கான்ஃபிக் என்ற பழைய நெட்வொர்க் கட்டளை, ஈத்0 என்ற அட்டைப் பெயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னது 2017இல் வந்த டெபியன் 9 (ஒரு லினக்ஸ் வெளியீடு) முதல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. பின்னது, 2013க்குப் பிறகு பல இடங்களில் அட்டை செருகிய இடத்தைப் பொறுத்து மாறிவிட்டது.

"ஓர் ஓரமாகப் பழையது என்று குறித்து வைத்துக்கொள்ளலாமே" என்பது நண்பரின் கட்சி. பழைய இயந்திரம் எங்காவது உயிரோடு இருந்தால் தேவைப்படும் என்பார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவசரத்தில் இருப்பவர் ஓரக் குறிப்பைப் படிப்பதில்லை, கட்டளையைத்தான் தேடுகிறார். மேலும் லினக்ஸில் டிரைவர் ஆவணங்கள் கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வருகின்றன. பழைய கெர்னலுக்கான விளக்கம் பழைய கெர்னலிலேயே இருக்கிறது, நீக்குவதால் எதுவும் தொலைவதில்லை. கடைசியில் இருவருக்கும் பொதுவாக ஒன்று முடிவானது: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தக் கெர்னலில், எந்த மாதம் சோதித்தது என்று எழுதுவது.

ஒரு குறை இன்னும் இருக்கிறது. இரண்டு அட்டைகளை ஒன்றாகப் பிணைக்கும் பக்கத்தில் ஐஎஃப்என்ஸ்லேவ் என்ற பழைய கட்டளையின் வழிமுறை அப்படியே கிடக்கிறது. ஐபி கட்டளையே அந்த வேலையைச் செய்துவிடும். மாற்று வரியை எங்கள் சர்வரில் ஓட்டிப் பார்க்கத் தொழிற்சாலை ஒருநாள் நிற்க வேண்டும்; அதற்காகக் காத்திருக்கிறோம்.