ரிங் ஸ்லிங்: எல்லாம் அந்த மேல் கரையில்தான் இருக்கிறது

குழந்தையை உடம்போடு அணைத்துச் சுமக்க ஒரு தோளில் மாட்டிக்கொள்ளும் வளையம் வைத்த துணி, அதாவது ரிங் ஸ்லிங், வாங்கலாமா என்று தோழி கேட்டிருந்தாள். தாராளமாக வாங்கலாம். ஆனால் வளையத்துக்குள் துணி சுருட்டிக்கொள்வதைப் பற்றி விற்கிறவர்கள் வாயே திறப்பதில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சுமார் இரண்டு மீட்டர் துணி, ஒரு முனையில் தைத்த இரண்டு வளையம். துணியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, மேல் வளையத்தைத் தாண்டித் திருப்பி, கீழ் வளையம் வழியாக இழுத்தால் உராய்விலேயே பூட்டிக்கொள்ளும். தொல்லை அதற்குப் பிறகுதான். 70 செ.மீ. அகலத் துணி ஒரு சின்ன வளையத்துக்குள் ஒழுங்காக மடிப்பு மடிப்பாக நிற்க வேண்டும்: குழந்தையின் பிடரிப் பக்கம் வரும் மேல் கரை ஒரு ஓரம், பிட்டத்துக்கு அடியில் வரும் கீழ்க் கரை மறு ஓரம், நடுத்துணி இடையில். குழந்தையை உட்காரவைத்து நாலு இழு இழுத்தால் போதும், துணி மொத்தமும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மேல் கரை நடுத்துணிக்குள் புதைந்துவிடும். அப்புறம் எதை இழுக்கிறோம் என்றே தெரியாது. மேலே இறுக்குவதாக நினைத்து இழுத்தால் கீழ்க் கரை ஏறுகிறது, குழந்தையின் முதுகுப் பக்கம் லூசாகவே கிடக்கிறது.

இதை வெறும் எரிச்சல் என்று விட முடியாது. முதுகு லூசாக இருந்தால் குழந்தை சரியும். சரிந்தால் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுவழி அடைபடும். கைக்குழந்தைக்குத் தலையைத் தானாக நிமிர்த்தும் பலம் இல்லை, சத்தமும் வராது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் ஸ்லிங் பற்றி எச்சரித்தபோது, அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் நடந்த 14 மரணங்களையாவது விசாரிப்பதாகச் சொன்னது. அதில் 12 குழந்தைகள் நாலு மாதம்கூட நிரம்பாதவர்கள். குறைப்பிரசவம், எடைக்குறைவு, சளி, மூச்சுத் தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஸ்லிங்கைத் தொடாதீர்கள்.

வீட்டில் பெரியவர்கள் 'தூளி மாதிரி படுக்கப் போடு' என்பார்கள். வேண்டாம். ஸ்லிங்கில் சுருண்டு படுப்பதுதான் தாடை மடங்க வழி. நெஞ்சோடு நெஞ்சாக, நிமிர்ந்தபடிதான் வைக்க வேண்டும்.

போடும்போது வளையத்தைத் தோளின் உச்சிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பாரம் ஏறி இறுக்கும்போது அது காறை எலும்புக்குக் கீழே தானாக இறங்கிவிடும். முதலிலேயே அங்கே வைத்தால் கடைசியில் மார்புக்கு வந்து குழந்தையின் முகத்தில் இடிக்கும். உங்கள் முதுகுப் பக்கம் துணி முறுக்காமல் விரிந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வளையம் இல்லாத தோளில் குழந்தையைச் சாய்த்து, கால்களைத் துணிக்கு அடியில் விட்டு, கீழ்க் கரையை உங்கள் இருவர் வயிற்றுக்கும் நடுவே அதன் தொப்புள் உயரம்வரை ஏற்றுங்கள். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்புவரை தாங்க வேண்டும். முழங்கால் பிட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். கால் வளைந்துவிடும் என்ற பயம் வீண், தொடைக்குத் தாங்கல் இல்லாமல் கால் தொங்குவதுதான் இடுப்பு மூட்டுக்குக் கெடுதல். மேல் கரை பிடரியோடு நிற்கட்டும், தலையை மூட வேண்டாம்.

இழுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தைச் சற்றுத் தூக்கிப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, மறு கையால் விரல் அகலத் துணியாக முதலில் மேல் கரை, பிறகு நடு, கடைசியில் லேசாகக் கீழ்க் கரை. வளையத்திலிருந்து தொங்கும் முந்தானையை மொத்தமாகப் பிடித்து நேர் கீழே இழுத்தால் துணி நகராது, உள்ளே சுருட்டத்தான் செய்யும். கீழ்க் கரையை வெறியோடு இறுக்கினால் உட்காரும் துணி உருவிக்கொண்டு வெளியே வரும், குழந்தை கால் உதைக்கும்போது நழுவும். இறுக்கி முடித்ததும் குழந்தையின் முதுகில் கைவைத்துப் பிடித்தபடி லேசாகக் குனியுங்கள், உங்கள் உடம்பை விட்டு அது விலகக் கூடாது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும், உச்சந்தலை முத்தம் கொடுக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஸ்லிங்கிலேயே பாலூட்டினால், முடிந்த கையோடு மறுபடி நிமிர்த்தி இறுக்குங்கள். இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறார்கள்.

சுருட்டலுக்கு முழு வைத்தியம் இல்லை. இரண்டு கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும் கைத்தறிப் பருத்தி வாங்கினால் பாதித் தலைவலி குறையும். ஒரே நிறம் என்றால் மேல் கரை நெடுக வண்ண நூல் ஓட்டிவிடுங்கள். பட்டு, பாலியஸ்டர் எல்லாம் வளையத்தில் வழுக்கும். புதுப் பருத்தி விறைப்பாக இருக்கும், நாலைந்து துவையலில் இணங்கிவரும். மெஷினில் போட்டால் வளையத்தை ஒரு பழைய சாக்ஸுக்குள் முடிந்துவிடுங்கள். பழைய புடவையில் நீங்களே தைப்பதானால் திரைச்சீலை வளையம் வேண்டவே வேண்டாம், ஒட்டுப்போட்ட இடத்தில் விட்டுவிடும். ஸ்லிங்குக்கென்றே வரும், இணைப்பு இல்லாத வளையம்தான் சரி. கிழிசலையும் வளையத்தருகே தையலையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். அடுப்படியிலும் டூவீலரிலும் ஸ்லிங் கூடவே கூடாது.

பழகிய கைக்கு அரை நிமிட வேலை, மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், தூங்கிய குழந்தையை எழுப்பாமல் இறக்க இதுபோல் வேறொன்று இல்லை. குழந்தை 9, 10 கிலோ தாண்டினால் ஒற்றைத் தோள் அரை மணியில் கெஞ்சும், அது தெரிந்ததுதான். இருந்தும் ஐந்துக்கு மூன்றுதான் தருவேன். சித்திரை வெயிலில், வியர்த்த கையோடு, புதைந்த மேல் கரையைத் தேடிவிட்டு எழுதுகிறேன். மார்கழியில் கேட்டிருந்தால் நாலரை.