நடைவண்டியா, வாக்கரா?

குழந்தை எதையாவது பிடித்து எழ ஆரம்பித்ததுமே யாராவது ஒரு வாக்கரோடு வந்து நிற்பார்கள். அதில் உட்கார்ந்தபடி கால்விரல் நுனியால் தரையை உந்தி ஓடுகிறதே தவிர, உடம்பைத் தாங்கவோ சமநிலை பழகவோ குழந்தைக்கு வேலையே இல்லை, முன்னால் இருக்கும் தட்டு காலைக்கூட மறைத்துவிடும். அதைவிட அந்த வேகம்தான் பயம்: நாம் திரும்புவதற்குள் படிக்கட்டு, அடுப்படியில் சூடான குழம்பு. கனடாவில் 2004-லேயே இதற்குத் தடை.

மர நடைவண்டியில் குழந்தை தானே எழுந்து, கட்டையைப் பிடித்துத் தள்ளினால்தான் வண்டி நகரும். விழும், அழும், சரி. ஆனால் வழவழப்பான டைல்ஸில் வண்டி முந்திக்கொண்டு ஓடிக் குழந்தை குப்புற விழும், அதனால் சொரசொரப்பான தரையில் விடுங்கள், கூடவே ஒருவர் குனிந்து நடந்தே ஆகவேண்டும் (இடுப்பு போய்விடும்). என் ஓட்டு நடைவண்டிக்குத்தான், அதுவும் குழந்தை பிடித்துக்கொண்டு நிலையாக நிற்கப் பழகிய பிறகு.