டுலூம் கேவர்ன் டைவிங் பயிற்சி: கயிறு எப்போது போடுவது என்று சொல்லித் தருகிறார்களா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். மெக்சிகோவின் டுலூமில் நான் எடுத்த கேவர்ன் டைவர் பயிற்சிக்குக் (நீருக்கடிக் குகையில் பகல் வெளிச்சம் எட்டும் வாசல் பகுதியில் மட்டும் நீந்துவது) கொடுத்த காசு வீண் போகவில்லை. அந்தமானில் டைவ் மாஸ்டராக வேலை பார்ப்பவள் நான். விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு பாறை இடுக்குகளைத் தாண்டும்போதெல்லாம், திரும்பி வர வழிகாட்டும் கயிற்றை இங்கே போட வேண்டுமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் போனேன்.

யுகட்டான் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஆறுகள் தரைக்கடியில் ஓடுகின்றன. கூரை இடிந்து விழுந்த இடங்கள்தான் செனோட்டே எனப்படும் நீர்க்குழிகள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, அதுதான் ஆபத்தும். நன்றாக உள்ளே போன பிறகும் வாசல் நீலமாகத் தெரிவதால், கயிறு எதற்கு என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அடியில் படிந்திருக்கும் வண்டல் மாவு மாதிரி. காலில் மாட்டிய துடுப்பால் ஒரு உதை தவறாக விழுந்தால் போதும், நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. யாரும் உதைக்காவிட்டாலும், நாம் விடும் குமிழிகள் கூரையில் மோதித் துகள்களை உதிர்க்கும்.

எங்கள் பயிற்றுநர் ஒரு மெக்சிகோப் பெண். ஒவ்வொரு கூரை விளிம்பிலும் எங்களை நிறுத்தி, எழுதுபலகையை நீட்டுவார்: "இந்த நொடி எதுவும் தெரியாமல் போனால், நேராக மேலே போய்விடுவாயா?" முடியாது என்றால் கயிறு போட வேண்டும், அவ்வளவுதான். மறுபக்க வாசல் இங்கிருந்தே தெரிகிற, இரண்டு பேர் அருகருகே நீந்தும் அளவு அகலமான, வண்டலும் கிளைவழியும் இல்லாத குட்டைச் சுரங்கத்துக்கு மட்டும் விலக்கு. அந்த முடிவையும் வெளியே நிற்கும்போதே எடுக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. 1979இல் அமெரிக்கக் குகை டைவர் ஷெக் எக்ஸ்லி குகை விபத்துகளை அலசி எழுதிய விதிகளிலும் வாசலிலிருந்து அறுபடாத ஒரே கயிறு என்பதுதான் முதலில் நிற்கிறது.

முதல் முடிச்சு திறந்த நீரில், தலைக்கு மேல் எதுவும் இல்லாத இடத்தில். பாறை முனையில் கயிற்றைச் சுற்றி, கண்ணிக்குள் ரீலை, அதாவது கயிறு சுற்றிய உருளையை, நுழைத்து இறுக்குவோம். அது கழன்றாலும் கயிறு நிற்பதற்காக, கூரைக்குள் நுழைந்ததும் இரண்டாவது முடிச்சு. அப்புறம் தொய்வில்லாமல் இழுத்தபடி போவோம். கயிறு நுழைகிற ஆனால் உடம்பு நுழையாத இடுக்கில் அது போய் விழுந்துவிடக் கூடாது. இதன் அருமை முகமூடியை மறைத்துக்கொண்டு திரும்பி வரும்போதுதான் புரியும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கயிற்றைச் சூழ்ந்திருக்கும், கூட்டாளி என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார். முடிச்சு வரும் இடத்தில் விரல் வளையம் திறக்காமல் மறுபக்கம் போக வேண்டும். அடுத்த பக்கக் கயிறு விரலில் தட்டுப்பட்ட பிறகே இந்தப் பக்கத்தை விடலாம். இதைத் தரையில் மரங்களுக்கு நடுவே கண்ணைக் கட்டிக்கொண்டு பலமுறை நடந்து பழக்கினார்கள். வெயிலில் வதங்கினாலும் பிரமாதமான ஏற்பாடு.

"அங்கேதான் ஏற்கெனவே கயிறு இருக்கிறதே?" என்று கேட்பவர்களுக்கு: டோஸ் ஓஹோஸ் செனோட்டே போன்ற இடங்களில் சுற்றுலா டைவர்களுக்கென்று நிரந்தரக் கயிறு உண்டு, முழு குகைப் பயிற்சி பெற்ற வழிகாட்டியும் கூடவே வருவார். ஆனால் ஆழ்குகைக்குள் போகும் கயிறு பல இடங்களில் வாசலிலிருந்து தள்ளியே தொடங்கும். பயிற்சி இல்லாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாதே என்றுதான் இப்படி. அந்த இடைவெளியை நம் ரீலால் நாமே இணைக்க வேண்டும். கேவர்ன் பயிற்சி முடித்தவருக்கு அதுவும் எல்லை தாண்டல்தான். பகல் வெளிச்சம் கண்ணில் இருக்க வேண்டும், சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளே போகச் செலவழிக்கக் கூடாது.

குறையும் இருக்கிறது. எனக்குக் கொடுத்த ரீல் அடிக்கடி சிக்கியது. அதைவிடப் பெரிய குறை, மூழ்கிய கப்பல்களைப் பற்றி அரைகுறையாகப் பேசிவிட்டு முடித்ததுதான். மட்டக்களப்பு அருகே 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற கப்பலுக்கு எங்கள் ஆட்கள் பலர் போகிறார்கள். துருப்பிடித்த இரும்பு விளிம்பு கயிற்றை அறுக்கும், கட்டிய கம்பியே கையோடு பெயர்ந்து வரும். அங்கே எதில் கட்டுவது என்பது தனிப் பாடம். வேறோர் ஊரில் ஒரு படகுக்காரர், "வெளிச்சம் தெரியுது, வாங்க" என்று புதியவர்களைக் கப்பலுக்குள் கூட்டிப் போனதைப் பார்த்தவள் என்பதால், இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மிதப்புக் கட்டுப்பாடு கைவராதவர்கள் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். மற்றவர்கள் சொந்தமாக ஒரு ஸ்பூல் (கைப்பிடி இல்லாத சின்னக் கயிற்று உருளை) வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் சுற்றிப் பழகிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு பேருக்கு ஒருவர் இருந்தார், அதற்கே நேரம் போதவில்லை.