படம் ‘பட்டம்’ ஆகும்போது: மெக்கானிக்கல் கீபோர்டு, சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அதனால் ‘ட’ கீ பழுதானால் படம் பட்டமாகும், பாடு பாட்டாகும். எல்லாமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தியும் கண்டுகொள்ளாது. நாள்பட்டுப் புழங்கிய மெக்கானிக்கல் கீபோர்டில் அடிக்கடி தலைகாட்டும் தொல்லை இதுதான். ‘சாட்டர்’ என்பார்கள்.

ஒவ்வொரு கீயின் அடியிலும் உள்ள சுவிட்சுக்குள் இரண்டு உலோகத் தகடுகள் தொட்டுக்கொள்ளும்போது சில மில்லிநொடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க கீபோர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர் சிறிது நேரம் விட்டுப் பிடிக்கிறது. பல கீபோர்டுகளில் ஓடும் க்யூஎம்கே (QMK) ஃபர்ம்வேரில் இது வழக்கமாக 5 மில்லிநொடி. தகட்டில் தூசியோ ஆக்சைடு படலமோ ஏறினால் துள்ளல் அதையும் தாண்டும், ஒரு தட்டு இரண்டாகப் பதிவாகும். பெட்டியில் 5 கோடி அழுத்தம் என்று போட்டிருப்பார்கள். தூசிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன் ஹப் இல்லாமல் நேராக வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். விண்டோஸ் ஏறுமுன் வரும் பயாஸ் திரையில் கீகள் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு விண்டோஸில். வலது ஷிஃப்டை 8 நொடி அழுத்திப் பிடித்து, வரும் கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ கொடுத்திருந்தால் சட்டென்று விழும் தட்டுகளைப் புறக்கணிக்கும் ஃபில்டர் கீஸ் வசதி ஓடிக்கொண்டிருக்கும். லேசாகத் தட்டினால் எழுத்தே விழாது. கீபோர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடப்படுவதில் இந்த ரகமும் உண்டு. பல கீகள் சேர்ந்தாற்போல் போனால் சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டாம். கீகள் கிடைவரிசை, நெடுவரிசை என்று பின்னிய வலையில் இணைந்திருக்கின்றன. ஒரு தடம் அறுந்தால் அதிலுள்ளவை மொத்தமாக ஊமையாகும்.

ஒரே கீ மட்டும்தான் என்றால், கேபிளைக் கழற்றிவிட்டு கம்பி புல்லரால் (பிடுங்கும் கருவி) கீயின் மேல்மூடியான கீகேப்பை எடுங்கள். பிளாஸ்டிக் வளையப் புல்லர் பக்கங்களைக் கீறும். உள்ளே தெரியும் சுவிட்சின் தண்டை அமுக்கியபடி 99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு மூன்று சொட்டு விட்டு, நாற்பது ஐம்பது முறை அழுத்தி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். 70% வேண்டாம், அதில் தண்ணீர் அதிகம். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அறவே கூடாது. அது விட்டுப்போகும் பிசுக்கில் தூசி இன்னும் ஒட்டும். இந்த வைத்தியம் சில சுவிட்சுகளில் மாதக்கணக்கில் நிற்கும், சிலவற்றில் நான்கே நாள்.

திரும்ப வந்தால் மாற்றுவதே வழி. சாலிடர் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்-ஸ்வாப் போர்டாக இருந்தால் யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக்கின் சுவிட்சைப் பிடுங்கி அங்கே போட்டு, பழையதை ஸ்க்ரோல் லாக்கில் மாட்டுங்கள். பழுது பழைய சுவிட்சோடு போனால் குற்றவாளி சுவிட்ச். இடத்திலேயே நின்றால் சாக்கெட் அல்லது போர்டு. செருகும்போது இரண்டு பின்னும் நேராக இருக்கிறதா என்று பார்க்கவும். புதிதாகப் போட்ட சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் முதலில் தேட வேண்டியது மடங்கிய பின்னைத்தான்.

சிலர் விண்டோஸின் பவுன்ஸ் கீஸ் வசதியை இயக்கிச் சமாளிப்பார்கள். அது வழக்கமாக அரை நொடிக்குள் அதே கீயில் வரும் இரண்டாவது தட்டை விழுங்கிவிடும். பக்கத்துக்குப் பத்து ‘க்க’, ‘த்த’ அடிக்கும் தமிழுக்கு அது கட்டுபடியாகாது. ஃபர்ம்வேரில் 5-ஐ 8 அல்லது 10 ஆக்குவது பரவாயில்லை, ஆனால் நோய் அப்படியேதான் இருக்கும்.

சரியானதா என்று பார்க்க ‘படம்’ என்று நூறு முறை அடித்துவிட்டு, கண்ட்ரோல்-எஃப் போட்டு ‘பட்டம்’ தேடுங்கள்.