பிளக் பாயிண்ட் இல்லாத வேலைக்கு ஃபுட் ஃபிளாஸ்க்: வாங்கலாமா?

மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, கால் டாக்ஸி ஓட்டுநர், வார்டை விட்டு நகர முடியாத நர்ஸ் போன்றவர்களுக்கு ஒரு மணிச் சாப்பாடு என்பது பேச்சுக்குத்தான். இரண்டரை மணிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்போது கண்ணில் படுவது பரோட்டாக் கடையும் பேக்கரி பப்ஸும். காலையில் கட்டிய டிபன் பாக்ஸ் சாதம் அதற்குள் ஆறிச் சொதசொதத்திருக்கும். இப்படி அலைகிற வேலைக்கு, வாய் அகன்ற ஃபுட் ஃபிளாஸ்க்கை விடப் பொருத்தமான பாத்திரம் இன்று கடையில் இல்லை. ஆனால் சரியானதைப் பார்த்து வாங்க வேண்டும், பக்குவம் தெரிந்து நிரப்ப வேண்டும்.

'இன்சுலேட்டட் லஞ்ச் பாக்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வகை விற்கிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து நடுவில் ஃபோம் அடைத்தது ஒன்று. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அதில் சூடு நிற்காது. மற்றொன்றில் உள்சுவர், வெளிச்சுவர் இரண்டும் எவர்சில்வர். நடுவே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். 1892இல் விஞ்ஞானி ஜேம்ஸ் டிவார் வடிவமைத்த குடுவையின் அதே தத்துவம். வாங்க வேண்டியது இதைத்தான். அடியில் 304 அல்லது 18/8 என்ற எவர்சில்வர் தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

அட்டையில் போட்டிருக்கும் '24 மணி நேரச் சூடு' சாப்பாட்டுக்குப் பொருந்தாது. ஃபிளாஸ்க்கில் வெப்பம் பெரும்பாலும் மூடி வழியாகத்தான் போகிறது. வாய் அகல அகல இழப்பும் கூடும். சில ஜப்பானியத் தயாரிப்புகளில் 6 மணி நேரத்துக்குப் பிறகு எத்தனை டிகிரி இருக்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். நேர்மையான அளவு அதுதான். 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் உணவு பத்திரமாக இருக்கும்.

இந்த 60 டிகிரிக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தி வரவைக்கும் அதன் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆறு மணி நேரம் பையில் கிடந்த சாதத்தை எலெக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸில் சூடாக்கிச் சாப்பிடுவது அதனால்தான் நல்லதல்ல. அலுவலகத்தில் ஃபிரிட்ஜும் பிளக் பாயிண்டும் இருந்தால் எலெக்ட்ரிக் லஞ்ச் பாக்ஸே தாராளமாகப் போதும். ஃபிளாஸ்க்குக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.

ஃபிளாஸ்க் சூட்டைக் காக்கும், உண்டாக்காது. ஆறத் தொடங்கிய உணவை அதில் போட்டால் கிருமிக்குப் பிடித்த சூட்டிலேயே மணிக்கணக்கில் வைத்திருக்கும். முதலில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை விளிம்புவரை ஊற்றி மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். அடுப்பில் உணவு கொதித்துக்கொண்டே இருக்கட்டும். தண்ணீரைக் கொட்டிய கையோடு உணவை நிரப்பி, மூடிக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி மட்டும் விட்டு மூட வேண்டும். பாதி நிரப்பினால் சீக்கிரம் ஆறும். பதினொரு மணிக்குத் திறந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மீதியைப் பிறகு பார்க்கலாம் என்பதும் நடக்காது. எட்டரைக்குக் கட்டினால் இரண்டரைக்குள் ஒரே மூச்சில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

ஒருவருக்கு 500 மி.லி. போதும். அதற்குச் சரியாக வரும் சாமை சாம்பார் சாத அளவு: சாமை 50 கிராம், துவரம்பருப்பு 30 கிராம், நறுக்கிய காய் 125 கிராம், தண்ணீர் 300 மி.லி., எண்ணெய் ஒரு டீஸ்பூன். குக்கரில் குழைய வேகவைத்து, புளியும் பொடியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கரண்டியில் எடுத்தால் வழிகிற பதத்தில் நிரப்புங்கள். உள்ளே மூடிக் கிடக்கும் நேரமெல்லாம் தானியம் நீரை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் சாப்பிடும் பதத்தில் போட்டால் மதியம் கட்டியாகிவிடும். வரகும் தினையும் அப்படித்தான். கொள்ளு ரசம், கிச்சடி, காய்கறிக் கோதுமை ரவைக் கஞ்சி எல்லாம் இதில் நன்றாக நிற்கும். இட்லி, சப்பாத்தி, வறுவல் ஆகியவை நீராவியில் ஊறிக் கெடும். கீரை நிறமும் மணமும் மாறும். தேங்காய்ச் சட்னியைச் சூடான ஃபிளாஸ்க்கில் வைக்கவே கூடாது. தயிர் சாதம் வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீரால் ஃபிளாஸ்க்கைக் குளிரவைத்து, ஃபிரிட்ஜில் குளிர்ந்த தயிர் சாதத்தைப் போடலாம்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, தட்டில் பாதி காயும் பழமும் இருக்கச் சொல்கிறது. 500 மி.லி.க்குள் அதை அடைக்க முடியாது. வெள்ளரி, கொய்யா, அவித்த முட்டை அல்லது வேர்க்கடலை எனத் தனி டப்பா ஒன்று அவசியம் வேண்டும்.

உணவு ஆற ஆற உள்ளே அழுத்தம் குறைந்து மூடி இறுகிப்போகும். காற்று விடும் பட்டன் உள்ள மூடியாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வழியில் திறக்கப் போராட வேண்டிவரும். மூடிக்குள் இருக்கும் வாஷரைத் தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் பழைய சாம்பார் வாடை ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிவிட்டால், வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் மூடாமல் ஊறவையுங்கள். கம்பி நாரும் பிளீச்சும் உள்சுவரைக் கெடுக்கும். மாற்று வாஷர் தனியாகக் கிடைக்காத பிராண்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்; முதலில் தேய்வது அதுதான்.

கீழே விழுந்து அடிபட்டால் வெற்றிடம் போய்விடலாம். போனால் பழுது பார்க்க வழியில்லை. வாங்கிய அன்றே கொதிநீர் ஊற்றி மூடி ஐந்து நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள். மூடிப் பக்கம் தவிர எங்காவது சுட்டால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.